லைசென்ஸ் புதுப்பித்த வருஷம்

மருதமுத்து அண்ணனை எங்கள் வங்கிக் கிளையில் யாரும் வாட்ச்மேன் என்று சொன்னதில்லை. கன்மேன் என்றுதான் சொல்வோம். அவினாசிப் பக்கத்துக்காரர். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு நாயக் என்ற பதவியோடு வெளியே வந்தவர். வந்த கையோடு லைசென்ஸ் எடுத்து, கோயமுத்தூரில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கிக்கொண்டு ஊட்டிக்கு வேலைக்கு வந்தார். சொந்தத் துப்பாக்கி இருப்பவருக்குத்தான் வங்கியில் அந்த வேலை. இல்லாதவருக்கு ஏடிஎம் வாசலில் ஒரு ஸ்டூல், பாதிச் சம்பளம்.

நான் அதே கிளையில் கிளார்க். சொந்த ஊர் கோபி. கேத்தி பாலாடாவில் அண்ணனும் மனைவியும் குடியிருந்த வீட்டின் மாடிதான் எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. காலை எட்டேகால் பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். துப்பாக்கியைக் காக்கி கான்வாஸ் உறையில் போட்டு மடியில் குறுக்கே வைத்துக்கொள்வார். பஸ் எவ்வளவு நெரிந்தாலும் அவர் பக்கத்து இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான்தான் உட்காருவேன். உறையிலிருந்து எண்ணெய் வாசம் வரும். வாரம் ஒரு முறை துடைத்துவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அதை வைத்துச் சுட்டதில்லை.

அவர் மனைவி அன்னம் அக்காவுக்கு கேரட் கழுவும் ஷெட்டில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவார். இரும்பு டிரம் சுற்றச் சுற்ற மண்ணெல்லாம் போய், கேரட் பளபளவென்று பலகையில் வந்து விழும். கவட்டை விட்டது, முறிந்தது, வெடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்க வேண்டும். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீரில் கைவிட்டால் விரல் மரத்து, எது கேரட் எது விரல் என்றே தெரியாதாம். வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பத்து நிமிஷம் கையைக் காட்டுவார். பிறகுதான் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு உலை வைப்பார்.

அண்ணனுக்கு மறதி வந்தது எனக்கு முதலில் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிபார்ம் போட்டுக்கொண்டு தனியாகவே ஊட்டிக்குப் போய், பூட்டிய ஷட்டருக்கு முன்னால் மதியம் வரை நின்றிருக்கிறார். மார்க்கெட்டில் யாரோ பார்த்துச் சொல்லி, ஒச்சப்பன்தான் போய் அழைத்துவந்தார். ஒச்சப்பனும் கன்மேன்தான், ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் போகிறவர். பூர்வீகம் உசிலம்பட்டி. வயதான காலத்தில் எல்லோருக்கும் வருவதுதானே என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம் அன்னம் அக்கா மாடி ஏறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மணி, உங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்றதுன்னு தெரீலீங்க. நேத்து ஆறு மணி இருக்கும், பால் வாங்கியாரலாம்னு கடைக்குப் போனனுங்க. ஒரே மஞ்சு, எதுக்க ஆரு வந்தாலும் தெரீல. திரும்பி வந்து கதவத் தட்டுனா, உள்ளிருந்து 'கோன் ஹை'ன்னு பட்டாளத்து இந்தீல ஆருன்னு கேக்கறாரு. வெளையாடறாருன்னு நெனச்சு, நாந்தானுங்கன்னேன். கதவத் தொறந்தாரு. கையில துப்பாக்கி. எம்பட நெஞ்சுக்கு நேரா."

"அப்புறம்?"

"அப்புடியே நின்னாரு. நானும் பால் பாக்கெட்டோட நின்னனுங்க. கண்ணு என்னையத்தான் பாக்குது, ஆனா நான் ஆருன்னு அதுக்குத் தெரீல. பக்கத்து ஊட்டு நாய் கொலைச்சுதுங்க. அப்பத்தான் சுதாரிச்சு, 'ஏம்புள்ள நனஞ்சுட்டு நிக்கற'ன்னு பாக்கெட்ட வாங்கிட்டு உள்ள போயிட்டாரு. அவரு தூங்குனப்பறம் துப்பாக்கிய மடக்கிப் பாத்தனுங்க. ரெண்டு கொழாயிலயும் தோட்டா இருந்துச்சு."

அந்த மாதக் கடைசியில்தான் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் போதும் என்பது அன்னம் அக்காவின் எண்ணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒச்சப்பன் சாப்பிட வந்தபோது பேச்சை எடுத்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். கொள்ளுப் பருப்பும் சோறும் போட்டுவிட்டு, நின்றுகொண்டே சொன்னார். வயசாகிவிட்டது, அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்குவது போதும், துப்பாக்கியை வாங்கிய கடையிலேயே ஒப்படைத்துவிடலாம் என்று. கதவடியில் நடந்ததைச் சொல்லவில்லை.

ஒச்சப்பன் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"லைசென்ஸ் ஒருக்காப் போச்சுன்னா போனதுதான் மதினி. இப்பெல்லாம் புதுசா எவனுக்கும் குடுக்குறதில்ல. ஆளாளுக்கு வச்சிருந்த காலம் போச்சு. நம்ம மாதிரி நாலு பேர்கிட்டத்தான் இருக்கு. இந்தக் காட்டுக்குள்ள ஒரு வீட்டுல துப்பாக்கி இருக்குதுன்னா அது ஒரு தைரியம். முந்தாநேத்து தண்ணி டேங்க்குகிட்டக் காட்டெரும நின்னுச்சுல்ல?"

"காட்டெருமையச் சுட்டா ஜெயில்ல போட்டுருவாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. சுடக்கூடாததுக்கு எதுக்குங்க துப்பாக்கி?"

"சுடுறதுக்கா வச்சிருக்கோம்? நான் முப்பது வருசமா வச்சிருக்கேன், எவனச் சுட்டேன்? கையில இருக்குதுன்னு பாக்குறவனுக்குத் தெரியணும். பாத்தவன் பயந்து ஒதுங்கணும். அந்தப் பயத்துக்குத்தான் நமக்குச் சம்பளம்."

"பயப்படறவங்க ஊட்டுக்குள்ளயும் இருக்கறாங்கல்ல."

ஒச்சப்பனுக்கு அது புரியவில்லை. மருதமுத்து அண்ணன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அது இல்லாம நான் அங்க போயி நின்னேன்னா, நாளைக்கே டீ வாங்கியாரச் சொல்லுவாங்க அன்னம்."

அன்னம் அக்கா உள்ளே போய் மோர் கொண்டுவந்து ஊற்றினார்.

புதுப்பிக்கும் வேலைகள் மளமளவென்று நடந்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. மேனேஜர் அவர் ஒழுக்கத்தைப் புகழ்ந்து கடிதம் கொடுத்தார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், முன்னாள் ராணுவத்தார் என்றதும் சல்யூட் வைத்துவிட்டு, அன்னம் அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். உடல்நலச் சான்றிதழ் கொடுத்த டாக்டர் பல வருஷப் பழக்கம். அண்ணனின் ராணுவ எண்ணைக் கேட்டார், கடகடவென்று சொன்னார். லடாக்கில் எந்த வருஷம், அதிகாரி பெயர் என்ன என்று கேட்டார், அதையும் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கண்ணாடியில்லாமல் படித்தார். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்து, இந்த வயதில் இந்த ஞாபகசக்தி தனக்கில்லை என்றாராம்.

"இன்னைக்கு என்ன கெழமைன்னு மட்டும் கேக்கவே இல்லீங் அம்மணி" என்றார் அன்னம் அக்கா.

நீங்கள் சொல்லியிருக்கலாமே என்றேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது என்று கேட்டார்.  படிவத்தை நிரப்பியது நான். மனநலக் குறைபாடு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. அண்ணன் படிக்கும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையொப்பமிட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தபோது, கஷ்டப்படுத்திவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார்.

அன்னம் அக்கா விடவில்லை. ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு, நானும் அரைநாள் லீவு போட்டு, கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் பிரிவுக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ரமேஷ்குமார் என்ற அலுவலர் எங்களை உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர். வாயால் சொல்வதை வைத்து எதுவும் செய்ய முடியாது, மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார். கணவருக்குப் புத்தி தடுமாறுகிறது, துப்பாக்கி அவர் கையில் இருப்பது உயிருக்கு ஆபத்து என்று எழுதி, மனைவி என்று கையெழுத்துப் போட வேண்டும். மறுநாளே துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள். வேலையும் அன்றோடு போகும். யார் மனு கொடுத்தது என்பது விசாரணையில் அவருக்குத் தெரிந்துதான் ஆகும்.

நான் வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று காரமடையில் கட்டிக்கொடுத்த மகள் ரேகாவுக்கு அன்னம் அக்கா போன் போட்டார். மறுமுனையில் அந்தப் பெண் அழுவது எனக்கே கேட்டது. அப்பாவைப் பைத்தியம் என்று நீயே எழுதிக் கொடுக்கப்போகிறாயா, என் மாமியார் வீட்டில் நான் எப்படித் தலைநிமிர்வது, அவர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தால் ஆறு மாதம் இருப்பாரா என்று கேட்டாள்.  அன்னம் அக்கா போனை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேரட் தண்ணீரில் வெடித்த விரல்கள். பேனாவைப் பிடித்தார். பிறகு தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"போலாமுங் அம்மணி" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணனுக்குப் பிடிக்குமென்று வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டோம். லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வந்துவிட்டது.

தோட்டாக்களை எடுத்துவிடலாம் என்று சொன்னது நான். துப்பாக்கி இருந்துவிட்டுப் போகட்டும், வேலையும் போகாது, மானமும் போகாது, ஆபத்தும் இல்லை. எனக்கு அன்று அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இனிமேல் தோட்டாக்கள் வங்கிப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்திருப்பதாக அண்ணனிடம் சொன்னேன். "ஆர்டர்னா ஆர்டர்" என்று பெல்ட்டோடு கழற்றிக் கொடுத்தார். என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாளிலிருந்து பெல்ட் இல்லாதது தெரியாமல் அவர் கோட்டு போட்டு இடுப்பை மூடிக்கொண்டு நின்றார். ஊட்டிக் குளிருக்கு யார் கேட்கப்போகிறார்கள்?

டிசம்பரிலிருந்து அந்த வீட்டில் ஒரு நிம்மதி வந்தது. அன்னம் அக்கா மறுபடி பாட்டு முணுமுணுப்பது மாடிக்குக் கேட்கும். மார்ச்சில் தேர்தல் அறிவித்ததும், லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். துப்பாக்கியும் கையை விட்டுப் போய்விடும், இரண்டு மாதம் ஆனதும் அப்படியே மறந்துவிடுவார் என்று அன்னம் அக்கா ஆசைப்பட்டார். வங்கிக் காவலுக்கு விலக்கு உண்டென்று மேனேஜர் கடிதம் எழுதி வாங்கித் தந்துவிட்டார். அதுவும் நல்லதுக்கென்று செய்ததுதான்.

ஜூலையில் மழை பிடித்தது. ஒரு வாரமாக வெயிலே இல்லை. எங்கள் கிளை சாலை மட்டத்திலிருந்து உயரத்தில் இருந்தது. பதினோரு கருங்கல் படி ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி. அந்த வாரத்தில் ஒரு நாள் காலை பத்தரை மணி. நான் கவுண்டரில் இருந்தேன். மேனேஜர் எனக்குப் பின்னால் நின்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலுக்கு உள்ளே வழக்கமான இடத்தில் நின்றிருந்தார்.

ஹெல்மெட்டும் ரெயின்கோட்டுமாக ஒரு பையன் உள்ளே வந்தான். அஸ்வந்த் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லநள்ளிக்காரன், ஒர்க்ஷாப்பில் மெக்கானிக், இருபத்துநாலு வயது. ஏடிஎம் அட்டை வாங்க வந்தவன். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் "ஹெல்மெட்" என்றார். அவனுக்குக் கேட்கவில்லை. ரெயின்கோட்டுக்குள் கையைவிட்டு, நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்திருந்த பாஸ்புக்கை இழுத்தான்.

"கோன் ஹை."

அப்படியொரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. துப்பாக்கி தோளுக்கு ஏறியிருந்தது. பையன் இரண்டு கையையும் தூக்கினான். பாஸ்புக் கீழே விழுந்தது. அண்ணா, அண்ணா என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தான். திரும்பினால் சுட்டுவிடுவார் என்று நினைத்தானோ என்னவோ, திரும்பவே இல்லை. முதுகு காட்டாமல் ஓரோர் அடியாகப் பின்வாங்கினான்.

நான் கத்தியிருக்கலாம். குண்டில்லை தம்பி, பயப்படாதே என்று. அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. எனக்குப் பின்னால் மேனேஜர் நின்றார். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். இதை யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நொடி, மூன்று நொடி. அதற்குள் அவன் வாசலைத் தாண்டிவிட்டான். முதல் படியில் கால் வைத்தது மட்டும் தெரிந்தது. பிறகு அவனைக் காணவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. கழுத்தைக் காப்பாற்றவில்லை. கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனான்.

அன்று வங்கியில் இருந்த யாரோ பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினார்கள். அண்ணன் தடுக்கவே இல்லை. மடக்கிப் பார்த்த ஒருவர், "காலிங்க, உள்ள ஒண்ணுமில்ல" என்றார். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து, எல்லோரும் ஏன் ஓடுகிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

தோட்டாக்களை நானே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்.

"தோட்டாவ எடுத்து ஒளிச்சு வெச்சீங்கன்னா, அவர் கையில துப்பாக்கி இருக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. அப்படித்தானே மேடம்?"

ஆமாம் என்றேன்.

எனக்கு மெமோ வந்தது. விசாரணை முடிகிறவரை பந்தலூர் கிளைக்கு மாற்றினார்கள். அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்து, புத்தி தடுமாற்றம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் அன்னம் அக்கா எழுதித் தரவிருந்த அதே வாக்கியம். ஜாமீனில் வீட்டுக்கு விட்டார்கள். துப்பாக்கியும் லைசென்ஸும் கோர்ட்டுக்குப் போய்விட்டன. ஒச்சப்பன் ஒரு தடவை வந்து வாசலிலேயே நின்றார். தோட்டா போட்ட துப்பாக்கியைத்தான் ஒரு வீரன் கையில் கொடுக்க வேண்டும், வெறும் துப்பாக்கியைக் கொடுத்து அவரை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று அன்னம் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை.

அண்ணன் தினமும் காலையில் குளித்து யூனிபார்ம் கேட்பார். துப்பாக்கி எங்கே என்பார். ஆரம்பத்தில் அன்னம் அக்கா உள்ளதைச் சொல்லிவந்தார். ஒரு பையன் செத்துட்டானுங்க, நீங்க துப்பாக்கி காட்டுனதுல படியில உளுந்துட்டானுங்க என்று. கேட்டதும் அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவார். யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர் என்று விசாரிப்பார். சாயங்காலம் வரை சாப்பிட மாட்டார். மறுநாள் காலையில் மறுபடி துப்பாக்கி எங்கே என்பார். மறுபடி சொல்ல வேண்டும். மறுபடி அப்போதுதான் கேட்பவர்போல அழுவார். பதினாலு நாள் அப்படி நடந்தது. பதினைந்தாம் நாள், துப்பாக்கியை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று அன்னம் அக்கா சொல்லிவிட்டார்.

"அழுதாவாச்சும் அந்தப் பையனுக்கு ஒரு மருவாதின்னு நெனச்சு சொல்லிட்டிருந்தனுங்க. அவரு கெட்டாருன்னா எனக்கு ஆருமில்லீங் அம்மணி. வெசனமெல்லாம் இனி நான் ஒருத்தியே பட்டுக்கறேன்."

பந்தலூருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், அந்தப் பையனின் தாயைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அன்னம் அக்கா கேட்டார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். எல்லநள்ளியில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துக்குள் கீழே இறங்கும் பாதையில் விசாரித்துக்கொண்டே போனோம். அஸ்வந்தின் அம்மா பாப்பம்மாள் அன்றுதான் மறுபடி கொழுந்து பறிக்கப் போய்விட்டு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. யாரென்று சொன்னோம். அவர் ஏசவில்லை. ஒரு பாயை எடுத்து விரித்தார். நாங்கள் உட்காரவில்லை.

அன்னம் அக்கா கும்பிட்டுக்கொண்டே நின்றார்.  தப்பெல்லாம் தன்னுடையது, ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் தம்பி இருந்திருப்பான் என்று துண்டு துண்டாகச் சொன்னார். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அண்ணன் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அதனால்தான் தோட்டாவையெல்லாம் நாங்களே எடுத்துவிட்டோம், அந்தத் துப்பாக்கியில் ஒன்றுமே இல்லை என்றேன். சொல்லும்போதே அது ஆறுதலாக இருக்குமென்று நினைத்தேன்.

பாப்பம்மாள் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை.

"போலீஸ்ல சொன்னாங்க, குண்டு இல்லீன்னு. அது உங்களுக்குத் தெரியுமுங்க. இந்த அம்மாளுக்குத் தெரியுமுங்க. எம் பையனுக்குத் தெரியாதுங்களே."

மழை திரும்பத் தூற ஆரம்பித்தது. எங்களிடம் இருந்தது ஒரே குடை. அன்னம் அக்கா அதற்குள் வராமல் முன்னால் நடந்தார். மேட்டில் ஏறி ரோட்டுக்கு வந்து, பஸ் வரும்வரைக்கும் நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக நின்றோம்.